பாதையில் கோளாறா, நரம்பில் கோளாறா: கண்ணும் காதும் மங்குவது எதனால்?

பார்வை மங்குகிறது, காது மந்தமாகிறது என்று யாராவது சொன்னால் வீட்டில் உடனே வரும் பதில், "வயசாகுதில்ல". பெரும்பாலும் அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மருத்துவரிடம் அது அப்படி முடிவதில்லை. கோளாறு எந்த இடத்தில் என்பதுதான் அவருக்கு முதல் கேள்வி. ஒளியும் ஒலியும் உள்ளே போகும் பாதையிலா, அவற்றை வாங்கி மூளைக்கு அனுப்பும் நரம்புத் திசுவிலா?

கண்ணின் முன்பக்கம் ஒளியை உள்ளே விடும் கருவிழியும், அதன் பின்னால் உள்ள லென்ஸும் பாதை. விழித்திரையும் பார்வை நரம்பும் வாங்கும் இடம். காதில் துவாரம், செவிப்பறை, அதன் பின்னால் உள்ள மூன்று குட்டி எலும்புகள் வரை பாதை. காக்ளியா என்ற நத்தைக்கூடு வடிவ உறுப்பும் செவி நரம்பும் வாங்கும் இடம். பாதைக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிடலாம். நரம்புத் திசுவில் போனது போனதுதான். விழித்திரையின் செல்களும், காக்ளியாவில் ஒலியை உணரும் முடிச்செல்களும் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. அதனால் முதல் வகையில் தாமதம் பணத்தையும் சிரமத்தையும் கேட்கும். இரண்டாவதில் பார்வையையோ செவியையோ எடுத்துக்கொள்ளும்.

இதைப் பிரித்தறியப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நடுவில் சிறு துளையிட்ட கறுப்புத் தட்டைக் கண்ணுக்கு முன் பிடித்ததும் எழுத்து தெளிவானால் அது பெரும்பாலும் கண்ணாடி பவர் சம்பந்தப்பட்ட குறை. ஒரு காது மட்டும் மந்தமாக இருந்தால் இசைக்கவையைத் தட்டி நெற்றி நடுவே வைப்பார்கள். மந்தமான காதில் சத்தம் உரக்கக் கேட்டால் கோளாறு பாதையில். நல்ல காதில் உரக்கக் கேட்டால் நரம்புப் பக்கம். ஒரு நிமிட வேலை இது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பார்வை அறிக்கை, உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறை இருப்பதாகவும், அதில் குறைந்தது 100 கோடிப் பேரின் குறை தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்றும் சொன்னது. 2021இல் வந்த செவித்திறன் அறிக்கை, 150 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதோ ஓர் அளவில் கேட்கும் திறன் குறைந்திருப்பதாகக் கணக்கிட்டது.

இந்தியாவில் பார்வையிழப்புக்கு முதல் காரணம் கண்புரை. 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதைக் கடந்தவர்களின் பார்வையின்மையில் 66.2 சதவீதம் ஆபரேஷன் செய்யப்படாத கண்புரையால் வந்தது. கண்ணில் உள்ள லென்ஸின் புரதங்கள் தெளிவிழந்து திரள்கின்றன. முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது வெளுப்பதைப் போன்றதுதான். வயது, வெயில், புகை, சர்க்கரை நோய், கண்ணில் அடி, ஸ்டீராய்டு மருந்து எல்லாம் இதை முன்கூட்டியே வரவழைக்கும். சொட்டு மருந்தால் புரையைக் கரைக்க முடியாது. புரையை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பதே தீர்வு. அதற்கு வழிகாட்டியவர் லண்டனின் ஹெரால்டு ரிட்லி. போரில் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்துக் கிடந்த பிளாஸ்டிக் சில்லுகளைக் கண் ஒதுக்கவில்லை என்பதைக் கவனித்து, 1949இல் அதே வகைப் பொருளில் லென்ஸ் செய்து வைத்தார். 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார் டாக்டர் ஜி. வெங்கடசாமி. 1992இல் அதன் துணை அமைப்பான அரோலேப் இந்த லென்ஸை உள்ளூரிலேயே தயாரிக்க ஆரம்பித்தபோது, வெளிநாட்டு லென்ஸின் விலையில் ஒரு சிறு பங்குக்கு அது கிடைத்தது. கிராமத்துப் பாட்டிக்கும் லென்ஸ் வைக்க முடிந்தது அதற்குப் பிறகுதான்.

பாதையிலேயே வந்தாலும் எளிதில் சரியாகாத ஒன்று கருவிழிப் புண். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வயல்களில் நடப்பது இது. கதிர் அறுக்கும்போதோ களத்தில் நெல் தூற்றும்போதோ ஓர் உமியோ தாளின் நுனியோ கண்ணில் பட்டுவிடுகிறது. கருவிழியில் விழும் கீறல் மயிரிழை அளவுதான். ஆனால் அந்தத் தாளில் மண்ணிலும் பயிரிலும் வாழும் பூஞ்சை ஒட்டியிருக்கும். முதல் நாள் உறுத்தல், கண்ணீர். யாராவது தாய்ப்பால் விடச் சொல்வார்கள், இலைச்சாறு பிழிவார்கள், விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள். மூன்றாம் நாள் மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சிவப்பும் வலியும் சட்டென்று குறையும். உடம்பின் எதிர்ப்பு அடங்கிய அந்த நேரத்தில் பூஞ்சை உள்ளே இறங்கும். கண்ணில் வெள்ளைப் புள்ளி தெரியும்போதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். 1990களில் மதுரை மாவட்டத்தில் கணக்கிட்டபோது, ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 11 பேருக்கு மேல் கருவிழிப் புண் வந்தது. அமெரிக்கக் கணக்கைப்போல் சுமார் பத்து மடங்கு. மதுரையில் வந்த புண்களில் ஏறக்குறைய பாதி பூஞ்சையால் வந்தவை. அதற்கு நேட்டாமைசின் என்ற சொட்டு மருந்து இருக்கிறது, நேரத்தோடு வந்தால் கண் தப்பும். ஆறிய பிறகும் நடுக் கருவிழியில் வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டால், தானக் கருவிழி பொருத்தித்தான் பார்வையை மீட்க வேண்டும். கூலிக்கு அறுக்கப் போனவருக்கு அந்த நாள் சம்பளம் போகக்கூடாது என்பதால் ஆரம்பத்தில் வராமல் போகிறார். இதை அறியாமை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை.

காதின் பாதைக் கோளாறுகளில் மிகச் சாதாரணமானது குறும்பி அடைப்பு. பட்ஸ் விட்டுக் குடைவதால் குறும்பி வெளியே வருவதைவிட உள்ளே தள்ளப்படுவதே அதிகம். குழந்தைகளுக்குச் சளி பிடித்தால் காதில் சீழ் வருவதற்குக் காரணம், மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் அந்த வயதில் குட்டையாகவும் படுக்கைவாட்டிலும் இருப்பது. படுக்கவைத்தபடியே புட்டிப்பால் கொடுப்பது அதைக் கூட்டும். சீழ் வடிந்துகொண்டே இருந்தால் செவிப்பறையில் ஓட்டை நிலைத்துவிடும், சில காதுகளில் எலும்பையே அரிக்கும் வகையாகவும் மாறும். பள்ளியில் "கவனமே இல்லை" என்று திட்டு வாங்கும் பிள்ளைகள் சிலருக்கு இதுதான் பிரச்சினை. காய்ச்சிய எண்ணெய் இதற்கு மருந்தாகாது. ஓட்டை வழியாக உள்ளே போய் நிலைமையைக் கெடுக்கும்.

இனி நரம்புப் பக்கம். கண்ணுக்குள் ஓடும் நீர் வடியும் வழி தடைப்பட்டு அழுத்தம் கூடி, பார்வை நரம்பின் இழைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவது கண் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா. அழுத்தம் இயல்பாக இருக்கும் கண்ணிலும் இது வரலாம் என்பதால் நரம்பையும் பார்க்க வேண்டும், அழுத்தத்தை அளந்தால் மட்டும் போதாது. பெரும்பாலானவர்களுக்கு வலி இல்லை, சிவப்பு இல்லை. ஓரப் பார்வை முதலில் போகிறது. நேர்ப் பார்வை கடைசிவரை தெளிவாக இருப்பதால் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை படித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். சென்னையைச் சுற்றியுள்ள கிராமங்களில் நடந்த ஆய்வில், இந்த நோயின் பொதுவான வகை இருந்தவர்களில் 98 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு அதுவரை அது தெரியவே தெரியாது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் நமக்கு வாய்ப்பு கூடுதல். 40 வயதுக்கு மேல் கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பதோடு நிறுத்தாமல் நரம்பையும் காட்டச் சொல்வது இதனால்தான்.

ஸ்டீராய்டு சொட்டு மருந்து இங்கேயும் வருகிறது. கண் அரிப்புக்காக ஒருமுறை எழுதிக்கொடுத்த பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வாங்கிப் போடுகிறார்கள். போட்டதும் அரிப்பு நிற்கும், அதனால் நல்ல மருந்து என்று பெயர். அதே மருந்து சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றிப் பார்வை நரம்பைக் கொல்லும், கூடவே இளம் வயதிலேயே புரையையும் கொண்டுவரும். ஒவ்வாமைக்காகப் பத்து வயதில் சொட்டு மருந்து பழகிய பிள்ளைக்கு இது நேர்வதைப்போல் வேதனை வேறில்லை. சீட்டு இல்லாமல் இந்த மருந்தை விற்கவே கூடாது.

சர்க்கரை நோயின் வழி வேறு. விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிகின்றன, அடைபடுகின்றன. ரத்தம் போதாத விழித்திரை புதுக் குழாய்களை முளைக்கச் செய்கிறது. வலுவில்லாத அந்தக் குழாய்கள் ஒருநாள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டுகிறது. அதுவரை பார்வை 6/6 என்று குறையில்லாமலே இருக்கலாம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. அத்தனை பேரும் ஆண்டுக்கொருமுறை கண்ணின் பாப்பாவைச் சொட்டு மருந்தால் விரித்து விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள். லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் மேலும் கெடாமல் பெரும்பாலும் பிடித்து நிறுத்தும்.

காதில் இதற்கு இணையான மெல்லிய இழப்பு சத்தத்தால் வருவது. ஒரு காக்ளியாவில் சுமார் 15,000 முடிச்செல்கள் உண்டு. ஒலி அதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுபவை அவை. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு; அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம், 100 டெசிபலில் கால் மணி நேரம். பள்ளிபாளையம், சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் 95 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அங்கே ஷிப்ட் என்பது எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ. நம் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மை சட்டப்படி தெரிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலிலும் இருக்கிறது. நாலு தறி வைத்திருக்கும் வீட்டுக்கூடத்துக்கு அந்தச் சட்டம் எங்கே போய்ச் சேர்கிறது?

தறி ஓட்டுபவரின் கேட்கும் திறனை அளந்து வரைந்த ஆடியோகிராம் தாளைப் பார்த்தால் காரணம் அதிலேயே எழுதியிருக்கும். வலது காதுக்குச் சிவப்பு வட்டங்கள், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறிகள். தாழ்ந்த சுருதிகளில் கோடு மேலே சீராகப் போகும். 4000 ஹெர்ட்ஸ் வந்ததும் பள்ளத்தில் விழுவதுபோல் இறங்கும், 8000இல் மறுபடி கொஞ்சம் ஏறும். இரண்டு காதிலும் ஒரே இடத்தில் அந்தப் பள்ளம். அது சத்தத்தின் அடையாளம். "பேசறது கேக்குதுங்க டாக்டர். என்ன பேசறாங்கன்னுதான் புரிய மாட்டேங்குதுங்க" என்பார் அவர். உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் உரக்க வருபவை. ச, த, ப போன்ற மெய்களை அடையாளம் காட்டும் மெல்லிய ஒலிகள் பெரும்பாலும் உயர்ந்த சுருதியில் இருப்பவை. பத்தா, சத்தா, கத்தா என்று தெரியாமல் போகிறது. வீட்டில் கத்திப் பேசினால் எரிச்சல்தான் மிஞ்சும். முதுமையில் வரும் செவி மந்தமும் உயர்ந்த சுருதியில் தொடங்குவதுதான். அதில் 8000இல் ஏறாமல் கோடு சரிந்துகொண்டே போகும். ஹெட்போனுக்கும் இதே கணக்குதான். வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை.

கண்ணையும் காதையும் சேர்த்தே தாக்கும் காரணங்கள் சில உண்டு. அவற்றில் இரண்டு பிறப்பதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. 1941இல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், அசாதாரணமாகப் பல கைக்குழந்தைகள் கண்புரையோடு வருவதைப் பார்த்தார். அந்தத் தாய்மார்கள் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா என்ற லேசான அம்மைக் காய்ச்சலில் படுத்தவர்கள் என்பது அவர் கண்டுபிடித்த தொடர்பு. 78 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதே தலைமுறைக் குழந்தைகளில் காது கேளாமையும் இதயக் குறையும் இருப்பது அடுத்தடுத்துத் தெரிந்தது. தாய்க்கு இரண்டு நாள் தடிப்பு. குழந்தைக்கு ஆயுள் முழுக்கக் குறை. தடுப்பூசி வந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகு, 2017 பிப்ரவரியில்தான் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ருபெல்லா ஊசி முகாம் தொடங்கியது. வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பெற்றோர் பலர் பிள்ளைகளை அன்று பள்ளிக்கே அனுப்பவில்லை. நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று சொந்தத்தில் கல்யாணம். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28 சதவீதம் திருமணங்கள் ரத்த உறவுக்குள் நடந்தவை. நாட்டிலேயே மிக அதிகமான அளவுகளில் ஒன்று. மாமன் மகளும் அத்தை மகனும் தங்கள் மரபணுவில் சுமார் எட்டில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்பவர்கள், தாய்மாமனும் அக்கா மகளும் நாலில் ஒரு பங்கை. இருவரிடமும் ஒரே பழுதான மரபணு ஒளிந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒன்று என்ற வாய்ப்பில் குறை வெளிப்படும். கனெக்சின் 26 என்ற புரதத்துக்கான மரபணுவில் வரும் பழுது பிறவிச் செவிட்டுத்தன்மைக்கு முக்கியக் காரணம். விழித்திரையின் செல்கள் ஓரத்திலிருந்து உதிர்ந்து முதலில் இரவுப் பார்வை போகும் நோய்களும் பல நேரம் இப்படியே வருகின்றன. அஷர் நோய் என்ற ஒன்று இரண்டையும் எடுக்கும். அதன் கடுமையான வகையில் குழந்தை கேளாமல் பிறக்கும், பத்து வயதுக்குப் பிறகு பார்வையின் வட்டம் சுருங்கத் தொடங்கும். கைச்சைகையால் பேசி வளர்ந்த ஒருவருக்குக் கண் போவது மொழியே போவது. அத்தை மகன் என்ற பாசத்தையோ, சொத்து வெளியே போகாது என்ற கணக்கையோ நான் கேலி செய்யவில்லை. குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்றால், அடுத்த கல்யாணத்தைப் பேசும் முன் மரபணு ஆலோசனை கேட்டாக வேண்டும்.

குறைமாதக் குழந்தைக்கும் இரண்டு ஆபத்தும் ஒரே வார்டில். விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாக வளரும் முன்பே பிறந்து, ஆக்சிஜனில் வைக்கப்படும்போது அவை தாறுமாறாக முளைத்து விழித்திரையையே பிய்க்கக்கூடும். பிறந்த 30 நாளுக்குள் கண் மருத்துவர் பார்த்தால் லேசரால் தடுக்கலாம். 1996இல் சென்னையில் பிறந்த ஒரு குழந்தைக்கு அந்தப் பரிசோதனை செய்யப்படாமல் பார்வை போனதற்காக, 2015இல் உச்ச நீதிமன்றம் ஒன்றே முக்கால் கோடி ரூபாய்க்கும் மேல் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அதே குறைமாதக் குழந்தைகளுக்குக் கடும் மஞ்சள் காமாலையும், கிருமித் தொற்றுக்குப் போடும் ஜென்டாமைசின் ஊசியும் காதைப் பாதிக்கலாம். பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் அட்டவணை. மூளைக்குக் கெடு உண்டு என்பதால் இந்த அவசரம். கேட்காத காதின் மூளைப்பகுதி மொழியைக் கற்கும் வயதைக் கடந்துவிட்டால், பிறகு செவி நரம்பை மின்துடிப்பால் தூண்டும் காக்ளியர் இம்பிளான்ட் என்ற கருவியை வைத்தாலும் பேச்சு முழுதாக வராது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதைக் கொடுக்கிறது. மாறுகண்ணும் ஒரு கண்ணில் மட்டும் கூடுதல் பவரும் இதே கணக்குதான். மூளை அந்தக் கண்ணைக் கவனிப்பதையே விட்டுவிடும், ஏழெட்டு வயதுக்குள் நல்ல கண்ணை மூடிப் பயிற்சி கொடுத்தால் பெரும்பாலும் திரும்பும். "வளர்ந்தா சரியாயிடும்" என்று காத்திருந்த வீடுகளில்தான் இது சரியாகாமல் நிற்கிறது.

கிட்டப்பார்வை இப்போது பள்ளி வயதில் பெருகுவதற்கு மரபு மட்டும் காரணமில்லை. கண் பின்னோக்கி நீள்வதே அது. ஒரு மில்லிமீட்டர் நீண்டால் இரண்டரை முதல் மூன்று பவர். பகல் வெளிச்சம் அந்த நீட்சியை மட்டுப்படுத்துகிறது என்பது இன்று நன்கு உறுதிப்பட்டிருக்கிறது. 2010இல் தைவான் பள்ளிப் பிள்ளைகள் தினம் 120 நிமிடம் வெளியே இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டது. ஏறிக்கொண்டே போன கணக்கு அதன் பிறகு இறங்கியது. பி.டி. வகுப்பைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

காசநோய் மருந்துகளையும் சொல்லியாக வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசின், கனாமைசின், அமிக்காசின் ஊசிகள் முடிச்செல்களைக் கொல்லும். எத்தாம்பியூட்டால் மாத்திரை சிலருக்குப் பார்வை நரம்பைத் தாக்கும். சிவப்பும் பச்சையும் மங்கிக் குழம்புவது முதல் அறிகுறி. இந்தியாவின் ஆறு மாத சிகிச்சையில் அது முழுக்க இருக்கிறது. உயிர் காக்கும் மருந்து என்பதால் யாரும் தாமாக நிறுத்தக்கூடாது. நிறம் மங்குகிறது, காதில் இரைச்சல் கேட்கிறது என்றால் அன்றே சிகிச்சை தருபவரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் மருந்தை மாற்றுவார். சீக்கிரம் நிறுத்திய கண் பெரும்பாலும் மீள்கிறது. கொல்லப்பட்ட முடிச்செல் மீள்வதில்லை.

முதுமையின் மந்தத்துக்குக் காது மெஷின் இருக்கிறது, ஆனால் "கிழவனாக்கிடும்" என்று தள்ளிப்போடுகிறார்கள். லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் 2017 முதலே செவிக்குறையை மறதி நோய்க்கான, மாற்றக்கூடிய முக்கியக் காரணிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. 2024இல் கவனிக்கப்படாத பார்வைக்குறையையும் சேர்த்தது. பல வருடம் கழித்து மெஷின் போட்டால் மூளைக்கு எல்லாச் சத்தமும் இரைச்சலாகப் படும்; அதைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுகிறார்கள்.

மெதுவாக வருபவை இப்படி. திடீரென வருபவற்றில் மணிக்கணக்கும் நாள்கணக்கும் முக்கியம். கண் கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்து, வாந்தி வந்தால் அது ஒற்றைத் தலைவலியாகவோ பித்தமாகவோ தெரியலாம்; கிளாக்கோமாவின் திடீர் வகையாகவும் இருக்கலாம், அன்றிரவே அழுத்தத்தை இறக்க வேண்டும். கண்ணுக்குள் மின்னல் வெட்டி, கரும்புள்ளிகள் மிதந்து, ஓரத்திலிருந்து திரை விழுவதுபோல் இருந்தால் விழித்திரை பிரிகிறது. நடுப்பகுதி பிரியும் முன் ஒட்டவைத்தால் வாசிக்கும் பார்வை தங்கும். காலையில் எழுந்தபோது ஒரு காது மட்டும் கேட்கவில்லை என்றால் சளி, குறும்பி என்று வாரக்கணக்கில் பொறுப்பதே வழக்கம். அது நரம்புவகைச் செவியிழப்பாக இருந்தால் ஸ்டீராய்டு மாத்திரைக்கோ செவிப்பறை வழியாகப் போடும் ஊசிக்கோ பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம் உள்ளது முதல் இரண்டு வாரங்களில். அதில் எவ்வளவு சீக்கிரம் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போகிறோமோ அவ்வளவு நல்லது.